1,100 ரூபாய்ச் சட்டை: ஒரு பில்லிங் மென்பொருளில் ரூல் என்ஜினும் ஆஸ்பெக்ட்டும் சேர்ந்த கதை

2021 தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை. கடையில் நிற்க இடமில்லை. நாலாவது கவுன்டரில் பில் போட்டுக்கொண்டிருந்த பெண் கையைத் தூக்கினார். மவுஸ் நகர்கிறது, திரை நகரவில்லை. அந்த வாடிக்கையாளரை ஆறாவது கவுன்டருக்கு அனுப்பினார்கள். அதே துணிகளை ஸ்கேன் செய்ததும் ஆறாவதும் நின்றது.

"தம்பி, உங்க சாப்ட்வேர் ஒரு சட்டையப் பாத்து பயந்துக்குது" என்று கடையின் கணக்காளர் போனில் சொன்னார். நக்கல் என்றுதான் நினைத்தேன். அவர் சொன்னது அப்படியே உண்மை என்று இரவு பதினொரு மணிக்குத்தான் புரிந்தது.

கடையின் பெயர் வேண்டாம். கொங்குப் பக்கம் மூன்று தளத் துணிக்கடை, கீழே செருப்புப் பிரிவு. நாங்கள் நான்கு பேர். ஜாவாவில், ஸ்பிரிங் என்ற ஆயத்தக் கட்டமைப்பை வைத்து எழுதிய பில்லிங் மென்பொருள் எங்களுடையது. அதில், விதிகளை நிரலுக்கு வெளியே வைத்து ஓட்டும் ட்ரூல்ஸ் என்ற ரூல் என்ஜினையும், பல இடத்தில் சிதறும் பொது வேலையை ஒரே இடத்தில் எழுதும் ஆஸ்பெக்ட் முறையையும் ஒன்றாகப் பூட்டினோம். எது ஓடியது, எது கவிழ்ந்தது, கடைசியில் எதைக் கழற்றினோம் என்பதுதான் இந்த ஆய்வு.

நான்கு இடத்தில் ஒரே கணக்கு

ஜி.எஸ்.டி. 2017 ஜூலை 1-இல் வந்தபோது வரிக் கணக்கு சுலபமாகத்தான் தெரிந்தது. தைத்த ஆடை ஒன்றின் விற்பனை மதிப்பு 1,000 ரூபாய் வரை என்றால் 5 சதவீதம், தாண்டினால் 12. செருப்புக்கு 500 ரூபாய் வரை 5, மேலே 18. ஒரு 'இஃப்', ஒரு 'எல்ஸ்'. எழுதி முடித்துவிட்டு டீ குடிக்கப் போனோம்.

ஆனால் அந்த 'இஃப்' நான்கு இடத்தில் உட்கார்ந்திருந்தது. கவுன்டர் பில்லில், சரக்கு திரும்பும்போது போடும் கிரெடிட் நோட்டில், ஆன்லைன் ஆர்டரில், கல்யாண ஜவுளிக்குக் கொடுக்கும் எஸ்டிமேட்டில். 2018 ஜூலையில் செருப்புக்கான வரம்பு 500-லிருந்து 1,000 ஆனது. மூன்று இடத்தில் மாற்றினோம். எஸ்டிமேட்டை மறந்தோம். எஸ்டிமேட்டில் ஒரு தொகை, பில்லில் வேறு தொகை. கல்யாண வீட்டுக்காரர்கள் கணக்குப் பார்க்காமல் விடுவார்களா? வரியோடு பண்டிகைத் தள்ளுபடி, இரண்டு எடுத்தால் ஒன்று இலவசம், உறுப்பினர் அட்டைச் சலுகை எல்லாம் சேர்ந்து, ஒவ்வொரு ஆடிக்கும் கோடு வீங்கிக்கொண்டே போனது.

அதனால் ரூல் என்ஜினுக்குப் போனோம். எண்ணம் புதிதல்ல. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் சார்ல்ஸ் ஃபோர்ஜி எழுபதுகளிலேயே ரீட்டே அல்காரிதத்தை உருவாக்கினார். 1979-இல் அது அவருடைய ஆய்வேடாக வந்தது. ரீட்டே என்றால் லத்தீனில் வலை. நூற்றுக்கணக்கான விதிகளில் எது பொருந்துகிறது என்று ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தேடாமல், விதிகளின் நிபந்தனைகளை ஒரு வலையாகப் பின்னிவைத்து, மாறிய தகவலை மட்டும் அதற்குள் ஓடவிடுவது. 2001-இல் தொடங்கிய ட்ரூல்ஸும் அந்தப் பரம்பரைதான். ஆறாம் பதிப்பிலிருந்து உள்ளே இருப்பது அதன் வழிவந்த வேறொரு அல்காரிதம்.

எங்களுக்குப் பிடித்தது அல்காரிதம் அல்ல. ட்ரூல்ஸ் விதிகளை எக்செல் அட்டவணையாகவும் படிக்கும். கணக்காளருக்கு ஜாவா தெரியாது, எக்செல் தெரியும். அட்டவணையில் ஒரு வரி எங்கள் மொழியில் இப்படி இருக்கும்:

விதி: ஆடை, வரம்புக்குள்
எப்போது: சரக்கு ஆடை, வரிக்கு முந்தைய மதிப்பு 1,000 அல்லது அதற்குக் குறைவு
அப்போது: விகிதம் 5, மதிப்பைத் திரும்பக் கணக்கிடு

இதைக் காட்டியதும் அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை படித்தார். "இத மொதல்லயே குடுத்திருக்கலாமே" என்றார்.

ஆஸ்பெக்ட் வந்த வழி

விதி வெளியே போனது. விதியைக் கூப்பிடும் வேலை போகவில்லை. பில் வரியிலிருந்து, அதாவது பில்லில் ஒரு பொருளுக்கான பதிவிலிருந்து, தகவலை எடுக்க வேண்டும், விதிகள் ஓடுவதற்கான ஒரு தற்காலிக இடமாகச் செஷன் திறக்க வேண்டும், தகவலை அதில் போட வேண்டும், விதிகளை ஓட்ட வேண்டும், விடையை வாங்க வேண்டும், செஷனை மூட வேண்டும். இந்தச் சடங்கு முழுவதும் அதே நான்கு இடத்தில் நான்கு பிரதியாக நின்றது. ஒரு பிரதியில் செஷனை மூட மறந்திருந்தோம். நினைவகம் மெதுவாக நிரம்பி, மாலை ஆனால் சர்வர் திணறும். காலையில் ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும். "காத்தாலே நல்லா இருக்கும், சாயங்காலம் மூச்சு வாங்கும்" என்று கடைப் பையன்கள் சொன்னதை நாங்கள் பல வாரம் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இந்தச் சிக்கலை எங்களுக்கு முன்பே பார்த்தவர்கள் இருந்தார்கள். பிரஸ்ஸல்ஸில் மாயா டோன்ட், மரியா அகுஸ்தினா சிப்ரான் முதலிய ஆய்வாளர்கள் 2000-களின் முதல் பாதியிலேயே இதை எழுதியிருக்கிறார்கள். வணிக விதியைத் தனியாகப் பிரித்தால் மட்டும் போதாது. அந்த விதியையும் முக்கிய நிரலையும் இணைக்கும் துண்டு எல்லா இடத்திலும் சிதறிக் கிடக்கும். அந்த இணைப்பை ஆஸ்பெக்ட்டாக எழுதலாம் என்பது அவர்கள் வாதம்.

ஆஸ்பெக்ட் என்பது 1997-இல் ஸெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்திலிருந்து கிரெகர் கிச்சாலெஸ் குழு முன்வைத்த முறை. லாக் எழுதுவது, அனுமதி பார்ப்பது, டிரான்ஸாக்ஷன் திறந்து மூடுவது போன்ற வேலைகள் எந்த ஒரு கிளாஸுக்கும், அதாவது நிரலின் எந்த ஒரு கூறுக்கும், சொந்தமில்லை; எல்லாவற்றையும் குறுக்காக வெட்டிப் போகின்றன. அவற்றை ஒரே இடத்தில் எழுதிவிட்டு, 'இன்ன மெத்தட்கள், அதாவது செயல் துண்டுகள், ஓடும்போதெல்லாம் இதையும் செய்' என்று சொல்லிவிடலாம். எந்த மெத்தட்கள் என்று சொல்லும் பகுதி பாயின்ட்கட். என்ன செய்ய வேண்டும் என்ற பகுதி அட்வைஸ்.

நாங்கள் 'விதிப்படி' என்று ஓர் அனொடேஷன், மெத்தட்டின் தலையில் ஒட்டும் குறிச்சீட்டு, செய்தோம். அது ஒட்டிய மெத்தட் எது ஓடினாலும் ஆஸ்பெக்ட் குறுக்கே வந்து, பில் வரியை ரூல் என்ஜினிடம் காட்டி, விகிதத்தை நிரப்பி, எந்த விதி ஓடியது என்று தணிக்கைப் பதிவில் எழுதி, செஷனை மூடிவிட்டு வழிவிடும். நான்கு பிரதிகளும் காணாமல் போயின. பில்லிங் நிரலில் வரி என்ற சொல்லே இல்லை. எவ்வளவு சுத்தம் என்று எங்களை நாங்களே மெச்சிக்கொண்டோம்.

சட்டையைப் பார்த்துப் பயந்த மென்பொருள்

தீபாவளிச் சனிக்கிழமைக்கு வருவோம்.

சட்டையின் விலைச்சீட்டு 1,250. பண்டிகைத் தள்ளுபடி 12 சதவீதம். வாடிக்கையாளர் தர வேண்டியது 1,100, வரி உள்பட. நம் ஊரில் துணிக்கடையில் யாரும் 'வரி தனி' என்று சீட்டு ஒட்டுவதில்லை.

இப்போது வரம்பைப் பாருங்கள். 1,000 என்பது வரிக்கு முந்தைய மதிப்பு. 1,100-க்குள் இருக்கும் வரி 5 சதவீதம் என்று வைத்தால், மதிப்பு 1,047 ரூபாய் 62 காசு. அது ஆயிரத்தைத் தாண்டிவிட்டது, ஆகவே 12 போட வேண்டும். 12 என்று வைத்தால் மதிப்பு 982 ரூபாய் 14 காசு. அது ஆயிரத்துக்குள் வந்துவிட்டது, ஆகவே 5 போட வேண்டும். 5 போட்டால் மறுபடி 1,047.

எங்கள் இரண்டு விதிகளும் இதைத்தான் செய்தன. ஒன்று விகிதத்தை மாற்றி மதிப்பைத் திருத்தும். மதிப்பு திருந்தியதைப் பார்த்து மற்றது எழுந்து திருப்பி மாற்றும். செக்கு மாடு கெட்டது. ட்ரூல்ஸில் 'நோ லூப்' என்று ஒரு பண்பு உண்டு. அதைப் போட்டும் இருந்தோம். ஆனால் ஒரு விதி தானே செய்த மாற்றத்தால் தன்னையே மறுபடி எழுப்பிக்கொள்வதைத்தான் அது தடுக்கும். இரண்டு விதிகள் மாறி மாறி எழுப்பிக்கொண்டால் அதற்குக் கண் தெரியாது.

விதிகள் தனித்தனியே சரி. வரிச் சட்டத்தை எழுத்துக்கு எழுத்து பின்பற்றின. 1,050-ஐத் தாண்டி 1,120 வரையிலான எந்த விலைக்கும் வரி உள்பட்ட கணக்கில் பொருந்தும் விகிதமே அப்போது கிடையாது. 1,050-க்கு 5 சரி, 1,121-க்கு 12 சரி, நடுவில் ஒரு பள்ளம். நான்கு வருடம் 'இஃப்', 'எல்ஸ்' வைத்து ஓட்டியபோது இது ஏன் தெரியவில்லை? பழைய நிரல் ஒருமுறை மட்டும் கணக்கிட்டு, வந்ததை எழுதிவிட்டு நகர்ந்துவிடும். தவறான விடை தரும், ஆனால் நிற்காது. ரூல் என்ஜின் ஒத்துப்போகும் வரை விடாது. அந்த வகையில் இந்தத் தொங்கலை ட்ரூல்ஸின் குறையாக நான் எண்ணவில்லை. பழைய பில்களின் பிழையைக் காட்டிக் கொடுத்தது அதுதான்.

கண்டுபிடிக்க இரவு பதினொரு மணி ஆனதுதான் ஆஸ்பெக்ட் எங்களிடம் வாங்கிய விலை. பில்லிங் பகுதியை எழுதிய பையன் சேர்ந்து ஆறு மாதம்தான். அவன் மெத்தட்டில் பத்து வரி. அதில் வரிக்கணக்கு இல்லை, லூப் இல்லை, காத்திருக்கும் எதுவும் இல்லை. அவன் அந்தப் பத்து வரியையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தான். தன் மெத்தட்டின் தலைக்கு மேல் ஒரு அனொடேஷன் உட்கார்ந்து ரூல் என்ஜினை இழுத்துவருகிறது என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. அந்த நொடியில் நிரல் எங்கே நிற்கிறது என்று காட்டும் திரெட் டம்ப் எடுத்துப் பார்த்தபோதுதான், ஸ்பிரிங் இடையில் வைக்கும் ப்ராக்ஸி என்ற இடைத்தரகனுக்கும் கீழே, எங்கோ ஆழத்தில், விதிகளை ஓட்டும் மெத்தட் நின்றுகொண்டிருந்தது. ஆஸ்பெக்ட் முறையின் இரண்டு அடையாளங்களில் ஒன்று, நிரலுக்குத் தன்மேல் என்ன ஏறியிருக்கிறது என்று தெரியாமலிருப்பதுதான் என்று ராபர்ட் ஃபில்மனும் டேனியல் ஃப்ரீட்மனும் 2000-இல் எழுதினார்கள். அவர்கள் நிரலைச் சொன்னார்கள். எங்கள் இடத்தில் நிரல் எழுதினவனுக்கும் தெரியவில்லை.

அன்றிரவு, விதிகள் இத்தனை முறைக்கு மேல் ஓடினால் நிறுத்திவிடு என்று உச்சவரம்பு வைத்து, கடையைக் காப்பாற்றினோம். ட்ரூல்ஸில் விதிகளை ஓட்டும்போதே அந்த எண்ணைக் கொடுக்கலாம். அதை முதல் நாளே கொடுத்திருக்க வேண்டும்.

மறுநாள் கணக்காளர் காகிதத்தில் ஒரு கணக்கு போட்டு, அதைப் படம் பிடித்து அனுப்பினார். 1,100-க்கு விற்று 12 சதவீதம் கட்டினால் கடைக்கு நிற்பது 982 ரூபாய் 14 காசு. 1,050-க்கு விற்று 5 கட்டினால் நிற்பது சரியாக 1,000. வாடிக்கையாளருக்கு 50 ரூபாய் லாபம், கடைக்கும் 17 ரூபாய் 86 காசு லாபம். கீழே எழுதியிருந்தார்: "இந்த ரேட்ல இனி சீட்டே அடிக்காதீங்க. தள்ளுபடில அங்க போய் விழுந்தா 1,050-க்கு இறக்கிருங்க." எங்கள் விதி அட்டவணையில் மிக உருப்படியான வரி அவர் எழுதியதுதான்.

எக்ஸ்சேஞ்ச்

இதை நீட்ட வேண்டியதில்லை. ஸ்பிரிங் புழங்குகிற எல்லோரும் ஒருநாள் இதில் வழுக்கியிருப்பார்கள். ஸ்பிரிங்கின் ஆஸ்பெக்ட் ப்ராக்ஸி வழியாக வேலை செய்கிறது. வெளியிலிருந்து வரும் அழைப்பு ப்ராக்ஸியின் வாசல் வழியே வரும். ஒரு ஆப்ஜெக்ட் தன் மெத்தட்டைத் தானே கூப்பிட்டால் வாசலுக்குப் போகாமல் உள்ளறைக்குள்ளேயே முடிந்துவிடும், ஆஸ்பெக்ட் ஓடாது. எக்ஸ்சேஞ்ச் பில் போடும் மெத்தட், அதே கிளாஸில் இருந்த வரி மெத்தட்டை நேராகக் கூப்பிட்டது. விகிதம் என்ற எண்ணின் ஆரம்ப மதிப்பு பூஜ்யம். தீபாவளிக்குப் பிறகு அளவு மாற்ற வந்தவர்களின் பில்களில் வரி பூஜ்யமாகவே அச்சானது. பிழைச் செய்தி எதுவும் இல்லை. நவம்பருக்கான ஜி.எஸ்.டி.ஆர்-1 என்ற விற்பனை விவர அறிக்கையைத் தாக்கல் செய்ய உட்கார்ந்த கணக்காளர்தான் பிடித்தார்.

ப்ராக்ஸி இல்லாமல், ஆஸ்பெக்ட்டை நிரலுக்குள்ளேயே சேர்த்துவிடும் ஆஸ்பெக்ட்ஜே கம்பைலரால் நேரடியாக நெய்தால் இது வராது என்று குழுவில் ஒருவர் வாதாடினார். சரிதான். ஆனால் 'வரி விதிக்கப்படவில்லை' என்பதும் 'வரி பூஜ்யம்' என்பதும் ஒரே எண்ணாக நிற்கலாமா என்ற கேள்விக்கு அது பதில் அல்ல.

டிசம்பர் 31

இதற்கு நடுவே தில்லியில் வேறு வேலை நடந்துகொண்டிருந்தது. 2021 செப்டம்பர் 17-இல் லக்னோவில் கூடிய 45-ஆவது ஜி.எஸ்.டி. கவுன்சில், ஜவுளிக்கும் செருப்புக்கும் 2022 ஜனவரி 1 முதல் வரியை மாற்ற முடிவெடுத்தது. நவம்பர் 18-இல் அறிவிக்கை வந்தது. ஆடை எந்த விலையானாலும் 12. செருப்பு 1,000 வரை 5-இலிருந்து 12.

ஜவுளித் தொழிலில் பெரும் எதிர்ப்பு. எனக்கு மட்டும், சொல்ல வெட்கம்தான், ஒரு சின்ன நிம்மதி: ஆடைக்கு ஒரே விகிதம் என்றால் அந்தப் பள்ளம் தூர்ந்துவிடும். புது விதிகளை டிசம்பர் நடுவிலேயே அட்டவணையில் ஏற்றினோம். ட்ரூல்ஸில் ஒரு விதிக்கு 'இந்தத் தேதியிலிருந்து செல்லும்' என்று பண்பு கொடுக்கலாம். ஜனவரி 1 என்று கொடுத்துவிட்டுத் தூங்கப் போனோம்.

டிசம்பர் 31 அன்று 46-ஆவது கூட்டம். ஜவுளி உயர்வு நிறுத்தி வைக்கப்பட்டது. செருப்பு உயர்வு அப்படியே நின்றது. மறுநாள் காலை கடை திறந்தால் துணிக்குப் பழைய வரி, செருப்புக்குப் புது வரி.

பழைய நிரலாக இருந்திருந்தால் அந்தப் புத்தாண்டு இரவை நான்கு கோப்புகளோடு கழித்திருப்போம். கணக்காளர் அட்டவணையில் ஆடைக்கான புது விதியை நீக்கினார், செருப்புக்கான புது விதியை விட்டுவைத்தார், எங்களுக்கு அனுப்பினார். சோதனைகளை ஓட்டிவிட்டு, பில்லிங் சர்வரை நிறுத்தாமலே விதித் தொகுப்பை மட்டும் புதிய பதிப்புக்கு மாற்றினோம். வாங்கிவைத்த டீ ஆறவில்லை. ரூல் என்ஜினுக்காகச் செலவழித்த மாதங்கள் வீண் என்று நான் ஒருநாளும் சொல்லாததற்கு அந்த இரவு ஒன்றே போதும்.

செருப்பு திரும்பி வந்தது

ஜனவரி முதல் வாரம். டிசம்பரில் வாங்கிய செருப்பு கடிக்கிறது என்று ஒருவர் திருப்பிக் கொண்டுவந்தார். விலை 1,000-க்குள். வாங்கிய அன்று வரி 5. கிரெடிட் நோட்டில் 12 என்று அச்சானது. எந்த பில்லுக்குக் கிரெடிட் நோட்டோ அந்த பில்லில் போட்ட விகிதத்தில்தான் வரியைத் திருப்ப வேண்டும். வாங்கும்போது 5 கட்டிவிட்டுத் திருப்பும்போது 12 கழித்தால் அரசிடமிருந்து பணம் எடுத்த கணக்காகிவிடும்.

காரணம் அந்தத் தேதிப் பண்புதான். அது பார்ப்பது சர்வரின் இன்றைய தேதியை, பில்லின் தேதியை அல்ல. விதி 'இன்று செல்லுமா' என்று கேட்கிறது. எங்களுக்கு வேண்டியது 'அந்தப் பரிவர்த்தனை நாளில் செல்லுமா' என்பது. பண்பை எடுத்துவிட்டு, வரி விதிக்கும் தேதியையும் ஒரு தகவலாக உள்ளே அனுப்பி, விதியின் 'எப்போது' பகுதியில் ஒப்பிட வைத்தோம்.

அந்தத் தேதியை யார் அனுப்புவது என்ற இடத்தில்தான் ஆஸ்பெக்ட் முழுவதுமாக முறிந்தது. கவுன்டர் பில்லுக்கு இன்றைய தேதி. கிரெடிட் நோட்டுக்கு மூல பில்லின் தேதி. எஸ்டிமேட்டுக்கு டெலிவரி ஆகப்போகும் தேதி. ஆஸ்பெக்ட்டுக்குள் 'இது கிரெடிட் நோட்டா, எஸ்டிமேட்டா' என்று 'இஃப்' முளைக்க ஆரம்பித்தது. எதை ஒழிக்கக் கிளம்பினோமோ அது வேறு வாசல் வழியே வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது.

எதைக் கழற்றினோம், எதை வைத்தோம்

வரிக் கணக்கை ஆஸ்பெக்ட்டிலிருந்து எடுத்தோம். இப்போது பில்லிங் நிரலில் வெளிப்படையாக ஒரு கட்டளை இருக்கிறது: இந்தச் சரக்கு, இந்த விலை, இந்தத் தேதி, விகிதம் சொல். நான்கு இடத்திலும் அது நிற்கிறது. படிக்கிறவன் கண்ணில் படுகிறது. பிரதி எடுத்தல்தானே என்று கேட்டால், ஆமாம், ஒற்றை வரிப் பிரதி. விகிதம் நிரம்பாத பில் வரியை உருவாக்கவே முடியாதபடி கிளாஸை மாற்றினோம். பூஜ்யம் வேண்டுமென்றால் பூஜ்யம் என்று யாராவது சொல்ல வேண்டும்.

செஷன் திறப்பது, மூடுவது, ஓடிய விதிகளைப் பதிவது, எத்தனை முறை ஓடலாம் என்ற உச்சவரம்பு, நேரம் அளப்பது, இவை ஆஸ்பெக்ட்டிலேயே இருக்கின்றன. ஒருநாள் அந்த ஆஸ்பெக்ட் ஓடாமல் போனால் பதிவு இருக்காது, சர்வர் மாலையில் மூச்சு வாங்கும். பில்லில் தொகை மாறாது. பண்டிகைத் தள்ளுபடியையும் ஆஸ்பெக்ட்டிலேயே விட்டிருக்கிறோம், குழுவில் பாதிப் பேருக்கு அதில் உடன்பாடில்லை. எந்தத் திருவிழாவுக்கு எந்த இடத்தில் புதுச் சலுகையைச் செருகச் சொல்வார்கள் என்று தெரியாத நிலையில் அந்த வசதி எனக்குத் தேவைப்படுகிறது. அனொடேஷன் ஒட்டிய ஒவ்வொரு மெத்தட்டிலும் ஆஸ்பெக்ட் உண்மையிலேயே ஓடியதா என்று பார்க்கும் சோதனை இல்லாமல் எதுவும் கடைக்குப் போவதில்லை.

பள்ளத்துக்கும் ஒரு சோதனை உண்டு. வரம்பையும் இரண்டு விகிதங்களையும் கொடுத்தால் எந்த விலையிலிருந்து எந்த விலை வரை பொருந்தாது என்று சொல்லும். இரண்டு பெருக்கல், அவ்வளவுதான்.

2025 செப்டம்பர் 3-இல் கவுன்சிலின் 56-ஆவது கூட்டம் முடிந்த இரவே கணக்காளர் கூப்பிட்டார். ஆடை, செருப்பு இரண்டுக்கும் வரம்பு 2,500. அதுவரை 5, மேலே 18. செப்டம்பர் 22 முதல்.

"தம்பி, பழைய பள்ளம் போச்சு. புதுசு எங்க?"

எண்களைப் போட்டுப் பார்த்தேன். "2,625-லருந்து 2,950 வரைக்கும்ணா."

போனில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு பின்னால் திரும்பி யாரிடமோ, "ஏப்பா, அந்த 2,799 சீட்டு எத்தன கட்டு அடிச்சு வச்சிருக்கோம்?" என்று கேட்பது காதில் விழுந்தது.